ஆள் எங்கடா நிப்பான்?

பரீட்சை முடிந்து ஆம்பூர் வந்தாச்சு. ரொம்ப நாள் பாக்கி இருந்த பதிவு இது.

ஒரு செமஸ்டர் வேலைக்காக, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் இரண்டு அறைகளை அடி வைத்து அளந்து கணினியில் வரைந்தேன். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, சுவரில் கை வைக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிகளைத்தான் நகர்த்தலாம். அதுவும் கணினிக்குள் மட்டும் :-)

டெப்த்மேப் என்று ஒரு மென்பொருள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அலஸ்டர் டர்னர் உருவாக்கியது. தரைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எத்தனை கட்டங்கள் தெரிகின்றன என்று எண்ணும். நிறையத் தெரிந்தால் சிவப்பு, குறைந்தால் நீலம். ஓரிடத்தில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற பரப்பை 'ஐசோவிஸ்ட்' என்று மைக்கேல் பெனடிக்ட் 1979-லேயே அளந்து காட்டியிருக்கிறார். அதன் வாரிசுதான் இது.

சிவப்பில் முக்கியமானவை, நீலத்தில் மற்றவை. அடுக்குவதற்கு நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். துளி இடம் வீணாகவில்லை. எனக்கு ஏக பெருமை.

சித்தப்பாவிடம் காட்டினேன். ஷூ கம்பெனியில் இருபது வருஷம் கட்டிங் வேலை பார்த்தவர். "தோல் மாதிரியே இருக்கேடா" என்றார். தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, ஷூவின் முன்பக்கத் துண்டு அங்கேதான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் தொளதொள, வெளியே தெரியாத துண்டுகளுக்கு அது போதும். உண்ணி கடித்த தடம், முள் கீறல் எல்லாவற்றையும் விரலால் தடவியே ஒதுக்குவார். இப்போது அங்கே தோலைப் படம் பிடித்து கணினியே துண்டுகளை அடுக்குகிறது. இவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவரிடம் போய் இதைக் காட்டுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீணே இல்ல, சரி. ஆள் எங்கடா நிப்பான்?"

தோலில் மிச்சம் விழுந்தால் நஷ்டம். அறையில் அந்த மிச்சத்தில்தான் மனுஷன் நிற்க வேண்டும்! இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் கண் மட்டத்துக்குக் கணக்குப் போட்டிருந்தேன். தாழ்வான பெட்டிகளைத் தாண்டிப் பார்வை போகும், கால் போகாது. முழங்கால் மட்டத்தில் மறுபடி ஓட்டினேன். சிவப்பில் பாதி நீலமாகிவிட்டது.

நான்கு பெட்டிகளை எடுத்துவிட்டேன். எந்த நான்கு என்பதைச் சித்தப்பாதான் விரல் வைத்துக் காட்டினார்.