தொட்டியோரத்துச் சவர்க்காரம்

சென்ற மாரியில் எம் தாயார் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் 16 நாட்கள் கிடந்தார். போன நோய் தீர்ந்தது. வெட்டிய காயத்திலே புதிதாய்ச் சீழ் கட்டிற்று. முதலில் ஏற்றிய நுண்ணுயிர்க்கொல்லி பலிக்கவில்லை, வேறொன்றை ஏற்றினர். அந்த வாட்டின் கை கழுவுந் தொட்டியிற் சவர்க்காரம் இல்லாததை நாம் முதல் நாளே கண்டோம். அதுதான் காரணமென்று சாதிக்க மாட்டோம். ஆயினும், கண்டும் வாய் திறந்தோமில்லை.

வைத்தியர் கையே நோயைக் காவுகின்றது என்பதை 1847இல் வியன்னாப் பொது வைத்தியசாலையிற் கண்டறிந்தவர் செம்மல்வைஸ். பிணம் அறுத்த கையோடு மாணவர் பிரசவம் பார்த்த பகுதியிலே, மருத்துவிச்சிகள் பயின்ற பகுதியிலும் பன்மடங்கு தாய்மார் மாண்டனர். ஏழைப் பெண்கள் இதனை அவருக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். அங்கே சேர்க்க வேண்டாமென முழந்தாளிட்டு மன்றாடினர். குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவ வைத்ததும், ஏப்ரிலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த சாவு ஜூனில் ஏறத்தாழ 2 ஆயிற்று. கனவான்களோ ஒப்பவில்லை. தம் கை அழுக்கென்று எந்தக் கனவான் ஒப்புவான்?

எம் வாட்டின் தாதியைக் குறைகூற மனம் வரவில்லை. இரவில் 40 கட்டில்களுக்கு அவர் ஒருவரே. ஒன்பதாம் நாள் நாமே ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்கித் தொட்டியோரம் வைத்தோம். இரண்டு நாளில் அது பாதியாய்த் தேய்ந்திருந்தது.