கடல்ல குளிச்சா பேன் சாகுமா?

"தெனமும் கடல்லதான் சார் குளிக்குது, அப்பவும் பேன் சாகமாட்டேங்குதே, எப்படி சார்?"

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்துல இருந்து பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்ற அம்மாக்கள் என்கிட்ட கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் தூரம் போகும், கூடவே வாங்க.

பேனுக்கு மூக்கு கிடையாது. உடம்போட ரெண்டு பக்கத்துலயும் இருக்கிற சின்னச் சின்னத் துளைகள் வழியாத்தான் மூச்சு. தலை தண்ணிக்குள்ள போனதும் துளைகளை மூடிக்கும். முடியை இறுக்கிப் பிடிச்சபடி அசையாம கிடக்கும். பார்த்தா செத்த மாதிரியே இருக்கும். சில மணி நேரம் வரைக்கும் இப்படித் தாங்கும். தலை துவட்டினதும் பழையபடி ஊர ஆரம்பிச்சிடும். உப்புத் தண்ணி, குளோரின் தண்ணி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்.

இதே வித்தையை உச்சத்துக்குக் கொண்டு போன சொந்தக்காரப் பேன் ஒண்ணு இருக்கு. தென்கோடிக் கடல்கள்ல வாழ்ற யானை சீல், 2000 மீட்டர் ஆழம் வரைக்கும்கூட முங்கும். அதோட தோல்ல ஒட்டியிருக்கிற பேனும் கூடவே போகும். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் அந்தப் பேன்களை எடுத்து, அதே ஆழத்துக்கான அழுத்தத்தைச் செயற்கையா கொடுத்துப் பார்த்து, 2020-ல வெளியிட்டாங்க. ஒரு விரல் நகம் அளவு இடத்துல நாலு சிமெண்ட் மூட்டை எடை! வெளியே எடுத்ததும் பெரும்பாலான பேன்கள் எழுந்து நடந்துச்சு. கொக்கி மாதிரி நகம், செதில் போர்த்தின உடம்பு, மூச்சுத் துளைக்கு மூடி. இவ்வளவுதான் அதோட சொத்து.

ஆனா அதுக்கும் ஒரு பலவீனம் உண்டு. முட்டை தண்ணிக்குள்ள பொரியாது. சீல் கரையேறிக் கிடக்கிற நாட்கள்லதான் வம்சம் பெருகணும். நம்ம பாக் விரிகுடால 2022-ல 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அமைச்சாங்களே, அந்தக் கடல்பசு கரைக்கே வராது. அதனால இந்தப் பேன் அதுமேல குடியேற வழியில்லை. (திமிங்கிலப் பேன்னு ஒண்ணு சொல்வாங்க, அது இறால், நண்டு வகையறா. பேனே இல்லை.)

சரி, இதை ஒரு டாக்டர் ஏன் எழுதணும்?

தண்ணியில சாகலைன்னதும் வீட்டுல அடுத்து மண்ணெண்ணெய்க்குப் போறாங்க. அதுவும் சரிப்படலைன்னா வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து. அப்படித் தடவித் துணி கட்டி விட்ட ஒரு ஆறு வயசுப் பொண்ணை நான் பார்த்தேன். வாயெல்லாம் எச்சில், கண்மணி ஊசிமுனையா சுருங்கி, மூச்சு இழுக்க முடியாம வந்துச்சு. மூணு நாள் வென்டிலேட்டர். பிழைச்சிடுச்சு. பேனுக்குத் துளையை மூடத் தெரியும். குழந்தையோட உச்சந்தலைத் தோலுக்கு மூடத் தெரியாது, விஷத்தை அப்படியே உறிஞ்சிடும். யாராவது இப்படிச் செஞ்சிருந்தா உடனே சோப்பு போட்டு நல்லா அலசி, துணியை மாத்தி, 108-க்குக் கூப்பிடுங்க. வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க.

பேனுக்கு மெடிக்கல்ல பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் கிடைக்கும். 5 சதவீதம் சொறிசிரங்குக்கானது, மாத்தி வாங்கிடாதீங்க. தலை அலசி, துவட்டி, தடவி, 10 நிமிஷத்துல கழுவிடணும். இது ஈரைக் கொல்லாது. அது பொரிஞ்சு வர்ற நேரம் பார்த்து, 9-ஆம் நாள் இன்னொரு தடவை போடணும். நிறைய பேர் இந்த ரெண்டாவது தடவையை விட்டுட்டு "மருந்து வேலை செய்யலை சார்"னு வருவாங்க. மருந்தே வேண்டாம்னா, ஈரத் தலையில கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு ரெண்டு வாரம் வாரி எடுங்க. நேரம் பிடிக்கும், ஆனா நடக்கும்.

பொண்ணுக்கு மொட்டை போட்டுத்தான் ஆகணும்னு இல்லை. ஒரே பாயில படுக்கிற எல்லார் தலையையும் அதே நாள்ல பாருங்க, பாட்டி தலையையும் சேர்த்து.