உடன்குடி கருப்பட்டி: விடிலிக்குள் ஒரு சீசன்

திருச்செந்தூர் போய்வருகிறவர்களின் பையில் இலை விபூதியோடு கருப்பட்டியும் இருக்கும். அந்தக் கருப்பட்டியின் தாய்வீடு, அங்கிருந்து அரை மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் உடன்குடி. கூப்பிடு தூரத்தில் தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினம். சுற்றிலும் செம்மணல் தேரி, எங்கு பார்த்தாலும் பனை.

மாசி, பங்குனியில் சீசன் தொடங்கினால் ஆடி வரை பனையேறிக் குடும்பங்களுக்குக் காடுதான் வீடு. பனங்காட்டுக்குள்ளேயே ஓலையில் குடிசை போட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் விடிலி. இவர்களின் தொழிற்சாலையும் அதுதான்!

காலையில் பதனீர் இறக்க ஒரு தடவை, மாலையில் பாளை சீவ ஒரு தடவை என ஒவ்வொரு மரத்திலும் ஏற வேண்டும். ஒருவரே ஒரு நாளில் 30, 40 மரம் பார்ப்பதுண்டு. காலில் திளாப்பு, இடுப்பில் பாளை அருவாள், அவ்வளவுதான் பாதுகாப்பு. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும்.

மரத்தடியிலிருந்து பெண்களின் வேலை தொடங்குகிறது. பதனீரை வடிகட்டி, காய்ந்த ஓலையும் விறகும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். கோடை வெயிலில், ஓலைக் குடிசைக்குள், அடுப்புக்கு முன்னால். மரமேறுவதைப் படமெடுக்கும் அளவுக்கு இதை யாரும் படமெடுப்பதில்லை. பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் அடங்கும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. பதம் கொஞ்சம் தப்பினாலும் அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு. 10 லிட்டர் பதனீர் காய்ச்சினாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது.

கருப்பட்டி காபி கடைகள் ஹைவே முழுக்க முளைத்துவிட்டதால் இப்போது கிராக்கிக்குக் குறைவில்லை. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுக்குக் கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு என வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து கூரியரில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், சீனியைக் காய்ச்சி, கருப்பட்டி என்ற பெயரில் பாதி விலைக்கு விற்கும் சரக்கும் அதே வேகத்தில் பெருகுகிறது. சீனிக்கு மரம் ஏற வேண்டாம், விடிலி வேண்டாம். அந்த விலையோடு போட்டி போட முடியாமல்தான் ஒரு குடும்பத்தின் நாலைந்து மாத உழைப்பு அடிமாட்டு விலைக்குப் போகிறது. அப்புறம் எந்தப் பிள்ளை மரம் ஏற வரும்?

பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பனை விதையும் கொடுத்தது. நட்ட பனை பாளை விட 15 வருஷம் போல ஆகும். அன்று ஏற ஆள் இருந்தால்தானே பதனீர்?

கடையில் ‘அண்ணாச்சி, ஒரிஜினலா?’ என்று கேட்பதைவிட உடைத்துப் பார்ப்பது நல்லது. உட்புறம் மங்கலாக இருந்து, நாக்கில் லேசாக உப்புக்கரித்தால் நம்பலாம். சர்க்கரைத்துகள் போல மினுமினுத்தால் யோசியுங்கள். மழைக்காலத்தில் கசிந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் அடுப்புக்கு மேல் பரணில் வைத்துப் புகை காட்டுவார்கள்.

சீசனில் போகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஓலைப்பட்டையில் பதனீர் குடிக்கலாம். வெயில் ஏறிவிட்டால் கலயத்தில் இருப்பது அத்தனையும் அடுப்புக்குப் போயிருக்கும்.