தேடிக் கிடைக்காததும் இல்லாததும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு, முதலாம் பரமேஸ்வரவர்மன் ஓர் ஊரை 25 பங்காக்கிய கதையைச் சொல்கிறது. கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் மூன்று பங்கு, மண்டபத்தில் தண்ணீர் வைக்க ஒன்று, பாரதம் வாசிக்க ஒன்று, மீதி இருபதும் வேதம் வல்லவர்களுக்கு. எண் என்றாலே பங்கிடத்தான் என்பது உலக வழக்கு. 25 ஐந்தைந்தாகப் பிரியும். 23-ஐ எப்படிச் சமமாகக் கூறு போட்டாலும் மிச்சம் விழும். இப்படிப் பிரிய மறுப்பவை பகா எண்கள். ‘பிரியாது’ என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அந்த இல்லாமையை வகுத்துப் பார்க்காமலே நிரூபித்துவிட முடியும் என்பதுதான் பெரிய பகா எண்ணின் சிறப்பு என்பது என் கட்சி.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 4,10,24,320 இலக்கங்கள். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கப் புகுந்தால், வகுக்க வேண்டிய எண்களின் எண்ணிக்கையே ஏறத்தாழ இரண்டு கோடி இலக்கம் நீளும். லூக்காஸ்–லெமர் சோதனை வேறு வழியில் போகிறது: 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, இதையே திரும்பச் செய்ய வேண்டும். 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 31-ஐ எடுத்துக்கொள்வோம்: 4, 14, 8, 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில், அதாவது மூன்றாம் படியில், பூஜ்யம் வந்தது. 31 பகா எண். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணையும் பகா எண் என்று மெர்சென் 1644-இல் பட்டியலிட்டிருந்தார். அது பிரியும் என்று லூக்காஸ் 1876-இல் காட்டினார். எப்படிப் பிரியும் என்று அவருக்கே தெரியாது. 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளை கோல் 1903-இல்தான் எடுத்துக் காட்டினார்.

இந்தச் சோதனை ஒரு தனி வகை எண்களுக்கு மட்டும்தானே என்று தடை சொல்லலாம். நியாயம்தான். ஆனால் 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா என்பதை இலக்கங்களின் எண்ணிக்கையை ஒட்டி மட்டான வேகத்தில் வளரும் நேரத்துக்குள் தீர்மானிக்கலாம் என்று நிறுவினார்கள். காரணிகளைக் கண்டுபிடிக்க, நம் கணினிகளுக்கு அப்படியொரு விரைவான வழி இன்னும் அகப்படவில்லை. இணையத்தின் ஆர்.எஸ்.ஏ. பூட்டு இந்த இடைவெளியை நம்பித்தான் இருக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சில நூறு இலக்க எண்கள் போதுமே, நான்கு கோடி இலக்கம் எதற்கு என்றால், பூட்டுக்கு அது உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஊரறிந்த எண் ரகசியத்துக்கு ஆகாது. அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தேடினோம், கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு உழைப்பு போதும். இல்லவே இல்லை என்று சொல்வதற்கு நிரூபணம் வேண்டும். உலகத்தில் பெரும்பாலான விஷயங்களில் முதலாவதோடு நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். இரண்டாவதைக் கேட்கவும் பெறவும் முடிகிற மிகச் சில இடங்களில் கணிதம் ஒன்று.