சிமெண்டில் நடக்கும் குடும்பம்

சாந்திநிகேதனில் மரத்தடியிலும் பாதையோரத்திலும் நிற்கின்றன ராம்கிங்கர் பைஜின் சிற்பங்கள். ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவற்றைக் காப்பாற்றுவதுதான் சுலபமில்லை.

சாந்திநிகேதன் என்றதும் சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் முதலில் வருபவை தாகூர் வாழ்ந்த வீடுகளும் வண்ணக் கண்ணாடி பதித்த வழிபாட்டுக் கூடமும். அப்புறம் தோல் பைகள், பாத்திக் துணிகள் விற்கும் கடைகள். நுண்கலைப் பிரிவான கலாபவன் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் நவீன இந்தியச் சிற்பக்கலை நான்கு சுவர்களை விட்டு வெளியே வந்தது அங்கேதான்.

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் மூன்று தமிழ் நண்பர்களையும் அங்கே அழைத்துச் சென்றது அவர்களுக்குப் பழக்கமான ஒரு சிற்பக்கலை மாணவியின் பிடிவாதம். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் சிவில் இன்ஜினியர், மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. ஹௌராவிலிருந்து அதிகாலையில் கிளம்பும் கணதேவதா எக்ஸ்பிரஸ், சுமார் 150 கி.மீ. தூரத்தில் உள்ள போல்பூரில் காலைச் சிற்றுண்டி நேரத்துக்கு இறக்கிவிட்டுவிடுகிறது. ஸ்டேஷன் வாசலில் பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும். பிறகு 'டோட்டோ' என்று வங்காளிகள் அழைக்கும் பேட்டரி ரிக்ஷாவில் சவாரி. வழியெங்கும் பீர்பூம் மாவட்டத்துக்கே உரிய செம்மண்ணும் சரளைக்கல்லும். அந்தச் சரளைக்கல்லைத்தான் அன்று முழுக்கப் பார்க்கப் போகிறோம் என்பது மாணவியைத் தவிர மற்ற மூவருக்கும் தெரியாது.

கலாபவனில் முதலில் நிறுத்துவது 'சந்தால் குடும்பம்' (1938). ஆளுயரத்தை மிஞ்சிய உருவங்கள். தோளில் காவடித் தடியோடு ஒரு சந்தால் பழங்குடி ஆண். தடியின் ஒரு பக்கக் கூடையில் குழந்தை, மறுபக்கம் சாமான்கள். அருகே இடுப்பில் கைக்குழந்தையோடு மனைவி. கூடவே ஒரு நாய். குடும்பம் மொத்தமும் வேலை தேடி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. உயரமான பீடம் இல்லை. பார்ப்பவரும் சிற்பமும் ஏறக்குறைய ஒரே தரையில். ஊருக்கு ஊர் தலைவர்களைப் பீடத்தில் ஏற்றிவைத்த நாட்டில், கூலிக்குப் போகும் குடும்பத்தைப் பொது இடத்தில் இவ்வளவு பெரிதாக நிறுத்தியதற்கு அதற்கு முன் உதாரணம் கிடையாது. இந்தியாவின் முதல் நவீனப் பொதுவெளிச் சிற்பம் என்று கலை விமர்சகர்கள் பலர் இதைச் சொல்வது அதனால்தான்.

செய்த விதமும் புதுசு. வெண்கலம் வார்க்கவோ கல் வாங்கவோ பணம் இல்லை. ராம்கிங்கர் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு போலச் சட்டம் கட்டினார். சிமெண்டையும் உள்ளூர்ச் சரளைக்கல்லையும் கலந்து கை கையாக அள்ளி அதன் மீது எறிந்தார். கலவை இறுகுவதற்குள் செதுக்கினார். அதனால்தான் சிற்பத்தின் தோல் சொரசொரவென்று, சுற்றியுள்ள நிலத்தின் தொடர்ச்சி போல இருக்கிறது.

பாங்குராவில் 1906இல் ஒரு நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் ராம்கிங்கர். ஒத்துழையாமை இயக்க நாட்களில் தலைவர்களின் படங்களை வரைந்துகொண்டிருந்த அந்தப் பையனின் திறமை, பத்திரிகை ஆசிரியர் ராமானந்த சாட்டர்ஜியின் கண்ணில் பட்டது. அவர் மூலம் 1925இல் சாந்திநிகேதன் வந்தார். நந்தலால் போஸிடம் மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர். 1970இல் பத்மபூஷண். 1980இல் இறக்கும்வரை ஊர் மாறவில்லை.

வங்கி அதிகாரிக்கு இந்தக் கை ஏற்கெனவே பழக்கம், ஆள்தான் தெரியாது. தில்லியில் வேலை பார்த்த காலத்தில் ரிசர்வ் வங்கி வாசலின் இருபுறமும் நிற்கும் யட்சன், யட்சி சிலைகளைத் தினமும் கடந்து போனவர் அவர். அவையும் ராம்கிங்கர் செய்தவையே. "அங்கே பெரிய வங்கிக்குக் காவல். இங்கே காவடியில் மொத்தச் சொத்து" என்று சிரிக்கிறார்.

சற்றுத் தள்ளி 'ஆலை அழைப்பு' (1956). சங்கு ஊதிவிட்டது, இரண்டு சந்தால் பெண்கள் வேலைக்கு ஓடுகிறார்கள். குளித்த ஈரச்சேலையைக் காற்றில் பிடித்து உலர்த்தியபடியே ஓட்டம். பின்னால் ஒரு சிறுவன். மில் சங்கு கேட்டு வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. முந்தைய சிற்பத்தில் நடந்துபோன ஜனங்கள் பதினெட்டு ஆண்டுகளில் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

மரங்களுக்கு நடுவே மரம்போலவே மெலிந்து நெடிதாக நிற்கும் 'சுஜாதா' (1935) இவற்றுக்கு மூத்தவள். புத்தருக்குப் பாயசம் கொண்டுபோன பெண். தலையில் பாத்திரத்தை வைக்கச் சொன்னவர் நந்தலால் என்று சொல்வார்கள். சிற்பத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர், சென்னையில் பிறந்து அங்கே படிக்க வந்த ஜெயா அப்பாசாமி என்பதும் கலை வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பின்னாளில் அவர் பெயர்பெற்ற கலை விமர்சகரானார். இதைப் பார்த்த தாகூர், வளாகம் முழுவதையும் இப்படி நிரப்பிவிடு என்று ராம்கிங்கரிடம் சொன்னதாகவும் ஒரு கதை.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு. மண்சுவரில் தார் பூசிய 'காலோ பாடி' என்ற கறுப்பு வீடு. அதன் சுவரெங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்த புடைப்புச் சிற்பங்கள். அப்புறம் டிசைன் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் நிறைத்திருக்கும் கே.ஜி. சுப்ரமணியனின் சுவரோவியம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்த சுப்ரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். 1944இல் இங்கே மாணவராகச் சேர்ந்தார். எண்பதைத் தாண்டிய வயதிலும் சாரத்தில் ஏறி நின்று இந்தச் சுவர்களில் வேலை செய்தார். 2016இல் மறைந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு விவாதம் சூடுபிடித்தது. தொடக்கி வைத்தவர் இன்ஜினியர். அவர் பார்த்தது கலையை அல்ல, விரிசலை. சிமெண்டுக்குள் இருக்கும் இரும்புக்கு ஈரம் எட்டினால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ள வெளிப்பூச்சு பிளக்கும். சொரசொரப்பான பரப்பில் மழைநீர் தங்கும், பாசி ஏறும். எந்தப் பழைய பால்கனியிலும் நடப்பதுதான். "உள்ளே கொண்டுபோய் வைத்தால் இன்னும் நூறு வருஷம் தாங்கும்" என்பது அவர் கட்சி.

மாணவி ஒப்பவில்லை. ஏ.சி. அறையில் விளக்குப் போட்டு நிறுத்தினால் அந்தக் குடும்பம் எங்கே போகிறது என்று யாருக்குப் புரியும்? மேலே பூசி மெழுகிப் பழுதுபார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது; எறிந்த கையின் தடம் அதில் மறைந்துவிடும். ஆசிரியையின் கேள்வி வேறு: "சிற்பத்தில் இருக்கிற ஜனங்கள் இப்போது இதைப் பார்க்க முடிகிறதா?"

அந்தக் கேள்விதான் கடினமானது. ராம்கிங்கர் செய்த காலத்தில் சுற்றுவட்டார சந்தால் கிராமத்தார் வேலைக்குப் போகிற வழியில் தங்களையே பார்த்துவிட்டுப் போக முடிந்தது. 2004இல் தாகூரின் நோபல் பதக்கம் திருட்டுப் போன பிறகு காவல் கூடியது. கொரோனாவில் 2020இல் அடைத்த கதவுகள் வெளியாருக்கு எளிதில் திறக்கவில்லை. செப்டம்பர் 2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பெருமை கூடிய அளவுக்குப் பொறுப்பும் கூடிவிட்டது. நண்பர்களும் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் உள்ளே போனார்கள். போக நினைப்பவர்கள் பார்வையாளர் விதிகளை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. புதன்கிழமை அங்கே வாராந்தர விடுமுறை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டத்தையெல்லாம் தடையின்றி விட்டால் சிமெண்ட் தாங்காது என்பதும் உண்மை. ஆனால் இவை கருவறைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. உள்ளூர்ச் சரளையில், உள்ளூர் உழைப்பாளியை, அவன் நடக்கும் தரையிலேயே நிறுத்தியதுதான் ராம்கிங்கர் செய்த காரியம். விரிசலை அடைக்க நிபுணர்கள் இருக்கிறார்கள், பணம் கிடைத்தால் முடியும். வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்துக் கிராமத்துக் குழந்தைகள் கேள்வி கேட்பாரின்றி வந்து, கூடையில் இருக்கும் குழந்தையை எட்டிப் பார்க்க வழி செய்வதற்குப் பணம்கூடத் தேவையில்லை. சிற்பத்தைக் காப்பது ஒரு வேலை. அதன் பக்கத்தில் போகும் பாதையைத் திறந்து வைப்பது இன்னொரு வேலை. முதலாவதை மட்டும் செய்தால், மிஞ்சுவது நடை நின்றுபோன ஒரு குடும்பம்.