இரண்டடி ஹோஸ்

பழுதாகிக் கழற்றிய ஹோஸ்களை எனக்குத் தெரிந்த பிளம்பிங் மேஸ்திரி ஒருவர் தூக்கி எறிவதில்லை. திருவான்மியூரில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தன் சின்னக் கடையில், ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்திருக்கிறார். வேலை பழக வரும் பையன்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். எனக்காகவும் அதைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று சொன்னார்.

வாஷ்பேசின், சிங்க், கீசர், ஃப்ளஷ் டேங்க் எல்லாவற்றுக்கும் ஆங்கிள் காக்கிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் ஒன்றரை அடி, இரண்டடி ஹோஸ்தான் வீட்டுக் குழாய்ப் பாதையிலேயே நலிந்த இடம். கண்ணுக்குத் தெரிவது எஃகுக் கம்பிப் பின்னல். தண்ணீர் ஓடுவதோ உள்ளே இருக்கும் ரப்பர் குழலில். அந்த ரப்பர் உப்பாமல் பிடித்து வைப்பதுதான் பின்னலின் வேலை.

"நாலு கம்பி அறுந்தாப் போதும் சார். அந்த இடத்துல ரப்பர் புடைச்சிக்கிட்டு வெளிய வரும். அப்புறம் அது வெடிக்கிற நாளை யாராலயும் சொல்ல முடியாது."

பல ஹோஸ்களில் நட்டை ஒட்டியே துரு. கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலை சிங்க்குக்கு அடியில், கதவு மூடிய அலமாரிக்குள் வைக்கிறோம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி சரியாக இறுகாவிட்டால் அதன் ஆவி ஸ்டெயின்லெஸ் எஃகையும் அரிக்கும். கடலோரத்து உப்புக்காற்று வேறு. கீசர் ஹோஸில், வெந்நீர் பட்டுப்பட்டு ரப்பர் விறைத்துப்போய் வெடிப்பு விட்டிருந்தது. வாஷிங் மெஷினின் வால்வு பட்டென்று மூடும்போதெல்லாம் ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்கிறது. அந்த இடியை வாங்குவதும் ஹோஸ்தான்.

என்னை அதிகம் கவலைப்படவைத்தது ஹெல்த் ஃபாசெட். பிடியை விட்டதும் தண்ணீர் நின்றுவிடுவதால் ஆங்கிள் காக்கை யாரும் மூடுவதில்லை. மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் மேலே இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் அந்த மெல்லிய ஹோஸ் மேல் இரவும் பகலும் நிற்கிறது. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் இன்னும் கூடுதல்.

மதியம் அவரோடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனேன். குடும்பம் ஊருக்குப் போயிருந்தபோது சிங்க் ஹோஸ் விட்டுப்போயிருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டினால் 1000 லிட்டர் தொட்டி 100 நிமிடத்தில் காலியாகிவிடும். அங்கே தானாக ஓடும் மோட்டார். தொட்டி இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளைவுட் அலமாரிகள் ஊறிப் பிளந்து கிடந்தன. கீழ்வீட்டுக் கூரையில் பூச்சு பெயர்ந்திருந்தது.

புது ஹோஸ் மாட்டியவன் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துப் பையன். அங்கே பட்டாமுண்டாய் வட்டாரத்திலிருந்து பிளம்பர்கள் தலைமுறை தலைமுறையாக இந்திய நகரங்களுக்கெல்லாம் போகிறார்கள். பிளம்பிங்குக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனமும் அங்கே உண்டு. வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தான். நட்டைக் கையால் முடிந்தமட்டும் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தான். டெஃப்லான் டேப் சுற்றவில்லை; அந்த இணைப்பில் தண்ணீரை அடைப்பது வாஷர்தான், மரை இல்லை.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுப்பா" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம் சார், வாஷர் நசுங்கிடும்."

அதற்குள் மேஸ்திரி, யாரும் சொல்லாமலே, மற்ற ஆங்கிள் காக்குகளைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தார். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து சிலது அசையவே இல்லை. ஆபத்து நேரத்தில் மூட முடியாத காக் இருந்தும் பயனில்லை. அதைப் பார்த்துச் சொன்னதற்கு அவர் காசு கேட்கவில்லை. ஏன் என்று படியிறங்கும்போது கேட்டேன்.

"வெடிச்சப்புறம் போனா கேட்டதைக் கொடுப்பாங்க சார். வெடிக்காம இருக்கப் பார்த்துட்டு வந்தா, என்ன வேலை செஞ்சேன்னு கேப்பாங்க."

இது அநியாயம். அந்தக் கோணிப்பை நிறைய இருக்கும் அறிவுக்கு நாம் கூலி கொடுப்பதே இல்லை.

வெளியூர் கிளம்பும்போது மெயின் வால்வை மூடுங்கள், மோட்டாரின் சுவிட்சை அணையுங்கள். துரு கண்ட ஹோஸை அன்றே மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, எதுவும் ஒழுகாத ஒரு நாளில், உங்கள் பிளம்பரைக் கூப்பிட்டு வீடு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்; பார்த்ததற்கு முழுக் கூலியும் கொடுங்கள்.