எல்லை போடாத உறுதி

லீசா ஜாக்சனின் மெய்நிகர்ப் படம் ‘பீடாபன்: ஃபர்ஸ்ட் லைட்’ 2018 செப்டெம்பரில் ரொறன்ரோ நகரமண்டபத்துக்கு முன்னால், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்திலேயே காட்டப்பட்டது. மெய்நிகர்க் கருவியை மாட்டினால் அதே நகரம் காடேறிக் கிடக்கும். ஒஸ்கூட் சுரங்கரயில் நிலையத்தில் தண்டவாளத்தை மூடித் தண்ணீர். என் மூக்குக்கண்ணாடிமேல் கருவி சரியாகக் குந்தவில்லை. விளிம்பு இடுக்கால் பார்த்தால் காலடியில் கொங்கிறீட், நிமிர்ந்தால் காடு. கலைஞர் நினைத்தாரோ இல்லையோ, எனக்கு அந்த இடுக்குத்தான் படம். காதில் வென்டாற், மோஹாக், அனிஷினாபே மொழிகள்.

வென்டாற் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது டேபர் ஹில். ஸ்காபரோவில் வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடு. பின்னேரங்களில் அம்மா சீலைக்கு மேலே ஜக்கெற்றும் சப்பாத்துமாக அதைச் சுற்றி நடப்பார். 1956 இல் நெடுஞ்சாலை வேலைக்கு அங்கே மண் அள்ளினார்கள். மண்ணோடு எலும்புகள் வந்தன. ஏறத்தாழ 500 பேர், வென்டாற் முன்னோர்கள், ஒன்றாக அடக்கப்பட்டவர்கள். தோண்டல் நின்றது, மேடு தப்பியது.

இதைக் கேட்டு, “துயிலுமில்லம் எண்டு சொல்லு” என்றார் அம்மா. அவர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரி. அங்கே மாவீரர் துயிலுமில்லத்தை இடித்துவிட்டு அதன்மேல் இராணுவ முகாம் கட்டினார்கள். காணி பறிகொடுத்து வந்த நாங்கள், பறிபட்ட காணியில் அடமானம் கட்டி வீடு வைத்திருக்கிறோம். அகதியாக வந்தோம் என்பதால் அந்தக் கணக்கு தீராது என்றே எனக்குப் படுகிறது. கருவிக்குள் கேட்ட குரல்கள் என்னோடு இதைப் பேசவில்லை. நன்றி சொல்லி வணங்கிக்கொண்டிருந்தன. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

காணி என்றால் அம்மா முதலில் உறுதியைத்தான் கேட்பார். சொன்னேன்: 1787 இல் மிசிசாகா மக்களிடம் ரொறன்ரோவை வாங்கியதாக வெள்ளையர் வைத்திருந்த உறுதியில் எல்லை எழுதவேண்டிய இடம் வெறுமை. மூன்று தலைவர்களின் குலக்குறிகள் வேறு கடதாசித் துண்டுகளில் வரைந்து ஒட்டப்பட்டிருந்தன. 1805 இல் 10 ஷில்லிங்குக்கு மறுபடி முடித்தார்கள். 2010 இல்தான் கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்தது.

“எல்லை போடாத உறுதியோ? எந்த நொத்தாரிசு முடிச்சவன்?” பிறகு, “எங்கட வீட்டு உறுதியை ஒருக்கா எடு பாப்பம்.”

ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் அதற்குள் வராது, அது 1923 வில்லியம்ஸ் ஒப்பந்தம் என்று தொடங்கினேன். அவர் அலுமாரியைத் திறந்துவிட்டார்.